நனையாத நாலு சென்டிமீட்டர்

1965 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். ஐப்பசி இருபத்துநான்காம் தேதியாகியும் மேகம் இல்லை. சித்திரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

புவனகிரியில் வெள்ளாற்றுக்குப் போகும் பாதையோரம் இருந்த நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்புக்கு மழையளவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் இருந்தார். அவர் சரியென்று எழுதினால் என் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் தையில் கல்யாணம். சிதம்பரத்தில் பெண்ணின் அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பாடத்துக்காக ஒரு வனஸ்பதி டின்னுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, வேலியோரம் செங்கல் மேடை கட்டி வைத்திருந்தேன். பிள்ளைகள் தினமும் பத்து மணிக்கு ஸ்கேலை விட்டு அளந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சுவரில் தொங்கிய அட்டையில் நீலப் பென்சிலால் கோடு போடுவார்கள். ஆயுத பூஜையன்று கரும்பலகை, உலக உருண்டை, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, டின்னுக்கும் பட்டையாக விபூதி பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். (கருவிதானே!)

அதற்குப் பிறகு டின்னில் தினமும் நாலு சென்டிமீட்டர் மழை. ஊரில் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. நானோ சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருபவன். ராத்திரி பெய்திருக்கும் என்று முடிவுகட்டினேன். தரை ஏன் ஈரமாக இல்லை? மண்ணுக்குத் தாகம். (இதை ஒரு பீரியட் முழுக்க நடத்தினேன். குறிப்பும் எடுக்கச் சொன்னேன்.)

இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மூன்றாம் வரிசை ஜமீலாவை எழுப்பினார்.

"நேத்து எவ்ளோ மழைம்மா?"

"நாலு சென்டிமீட்டர் சார்."

"நனைஞ்சியா?"

"இல்ல சார். மொட்ட மாடியிலதான் படுத்திருந்தோம். மழையே பேயல."

"அப்ப நாலு சென்டிமீட்டர்?"

"அது சார் சொன்ன மழை, சார்."

என் முதுகில் மட்டும் அன்றைக்கு நிஜமாகவே மழை. அந்த நேரம் பார்த்துத்தானா ஆற்றிலிருந்து ஈரப்புடவையோடு ஒரு அம்மாள் வரவேண்டும்? வேலியைத் தாண்டி வந்தவர், செம்புத் தண்ணீரை டின்னில் ஊற்றினார். மூன்று சுற்று சுற்றினார். கற்பூரம் ஏற்றினார். இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போனார். நானும், பின்னால் நாற்பத்துமூன்று பிள்ளைகளும்.

"என்னம்மா பண்றீங்க?"

"மழைக்கி வேண்டி ஊத்துறோம். இன்னிக்கி எங்க ஊட்டு மொற. விடியறப்பவே ஊத்திருக்கணும், மாடு அத்துக்கிட்டு ஓடிப்போச்சு."

"இது சாமின்னு யாரும்மா சொன்னது?"

"தோ நிக்கிறாரே, இந்த வாத்தியாருதான் மொதல்ல பொட்டு வச்சிக் கும்புட்டாரு!"

வகுப்புத் தலைவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். "ஏன்டா சொல்லல?"

"நீங்க வச்ச சாமி. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் சார்."

டின்னை எடுத்துவிடுகிறேன் என்று குனிந்தேன். "கைய வச்சிதான் பாரேன்!" என்றார் அந்த அம்மாள். பாதையில் போன நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஐயா, மொதல்ல போயி தேங்கா, கற்பூரம் வாங்கிட்டு வாங்க. ஊர்ப் பொல்லாப்பு வேணாம்." வாங்கி வந்தேன். நானே உடைத்தேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பு இரண்டே வரி: "மாணவர்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள். ஆசிரியர் இன்னும் ஓராண்டு கவனித்துப் பழக வேண்டும்."

மூன்றாம் நாள் மழை கொட்டியது. டின் நிரம்பி வழிந்ததால் எவ்வளவு என்று அளக்க முடியவில்லை. பெண்கள் அதற்கு மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார்கள். என் கல்யாணம் தை விட்டு அடுத்த தைக்குப் போயிற்று. அந்த ஒரு வருஷமும் பெண்வீட்டில் என் பெயர் 'நாலு சென்டிமீட்டர்'.

இப்போதும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், கேஸ் தீர்ந்துவிட்டது என்றோ, கரன்ட் ஆபீசில் நாளை லீவு என்றோ, மனைவி அடுப்படியிலிருந்து தலையை நீட்டுவாள். "நனைஞ்சீங்களா?" பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டன.

தள்ளிப்போன இன்கிரிமென்ட் மாதம் ஐந்து ரூபாய், வருஷத்துக்கு அறுபது. தேங்காய், கற்பூரம் எண்பது பைசா. ஆக மொத்தம் அறுபது ரூபாய் எண்பது பைசா.