இருபத்தோராவது தட்டு

ஊர் சுற்றுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பொருளைத் தொலைக்கிறவர்கள் ஒரு ரகம். பொருளைத் தொலைக்காமல் இருப்பது எப்படி என்று அடுத்தவருக்குப் பாடம் எடுத்துவிட்டுத் தொலைக்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாமே.

வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பை, நாலு சட்டை, இரண்டு பேண்ட், ஒரு லுங்கி. இவ்வளவுதான் என் சொத்து. ஏதாவது மலையுச்சியில் நின்று படம் எடுத்து, 'எனக்காக யாரும் காத்திருக்கவில்லை, இதுவே விடுதலை' என்று எழுதிப் போடுவேன். (அம்மா மட்டும் அதற்குக் கீழே 'சாப்டியா' என்று கேட்டிருப்பாள்.)

மதுரைக்கு வந்தது ஒரு நாள் வேலைக்காக. அன்று மதியம் மூன்றரைக்குக் கொழும்பு விமானம். இரண்டரைக்குள் கவுன்டரில் நிற்க வேண்டும். கையிருப்பில் பாதியை விழுங்கிய டிக்கெட் அது, மாற்றவும் முடியாது. அதற்குள் மூன்று வேலைகள். முதல் நாள் லாண்டரியில் போட்ட துணியை வாங்க வேண்டும். விசா தாளைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். வாயைப் பிளந்து நின்ற பை ஜிப்பைத் தைக்க வேண்டும்.

லாண்டரியில் துணியை வெள்ளைத் தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, ஜவுளிக்கடைப் பொட்டலம் மாதிரி கொடுத்தார்கள். பிரிண்டும் கிடைத்தது. ஜிப் தைப்பவர் மட்டும் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். ஜிப் இல்லாத பையில் பாஸ்போர்ட்டை வைக்கலாமா? எட்டு மாத அனுபவசாலியின் மூளை வேலை செய்தது. பாஸ்போர்ட்டையும் விசா தாளையும் பொட்டலத்துக்குள், இரண்டு சட்டைகளுக்கு நடுவில் செருகினேன். கசங்காது, விழாது, எவனுக்கும் தெரியாது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் கதிரேசன் ஃபோன் செய்தான். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத் தோழன். பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் மதுரையில் இருப்பதைப் படம் போட்டுக் காட்டியிருந்தேனே, பிடித்துக்கொண்டான். அவன் தங்கை அமுதாவின் பெண் குழந்தைக்கு அன்று பேரையூரில் காதுகுத்து.

"மாப்ள, மூஞ்சியக் காட்டாமப் போயிருவியா? மாமன் சீரு கொண்டு போறோம், வேன்ல ஏறிக்க. பன்னெண்டரைக்கு மச்சான் கார்ல நானே ஏர்போர்ட்ல விடுறேன்."

ஏறிக்கொண்டேன். வேனில் அவன் மனைவி தேவி, சொந்தக்காரர்கள் பத்துப் பேர், ஜிகினாத் தாள் சுற்றிய சீர்த்தட்டுகள். என் பொட்டலத்தைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். திருமங்கலம் தாண்டும்வரை விடுதிக் கதைகள் பேசினோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்லுப்பட்டி அருகே ஒரு வேகத்தடையில் வேன் எகிறியது. பின்னால் ஏதோ நசுங்கும் சத்தம் கேட்டது. நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மண்டபத்து வாசலில் இறங்கியதும் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மேளம் கிளம்பிவிட்டது. தட்டுத் தூக்க ஆள் போதவில்லை என்று தேவி ஒன்றை என் கையில் திணித்தாள். நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, யாரோ கேமரா நீட்டியபோது லேசாகச் சிரித்துக்கொண்டு, ஊர்வலமாகப் போய் மேடைக்கு முன் ஜமுக்காளத்தில் வைத்தேன். அமுதாவின் நாத்தனார் பேச்சியம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாரும் கேட்கும்படி தட்டுகளை எண்ணினார். இருபத்தொன்று.

பிறகு நிதானமாக வேனுக்குப் போனேன். பொட்டலம் இல்லை. சீட்டுக்கு அடியில் இல்லை. சக்கரத்துக்கு அடியிலும் பார்த்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள்.) ஓடிப்போய்த் தேவியிடம் கேட்டேன்.

"அந்த வெள்ளைப் பொட்டலமாண்ணே? திராட்சைத் தட்டு நசுங்கிப் போச்சு. இருவதுன்னா ரெட்டப்படையால்ல ஆயிரும்? நம்ம வேட்டி சட்டைன்னு நெனச்சுத் தட்டுல வச்சுக் கட்டிட்டேன். நீங்கதான தூக்கிட்டு வந்தீங்க."

என் பாஸ்போர்ட்டை நானே மேளதாளத்தோடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுக்குச் சீர் வைத்திருக்கிறேன். அப்போது மணி பதினொன்றே கால்.

கதிரேசனை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துப் போய், ஒரு தட்டை எடுக்க வேண்டும் என்றேன். அவன் முகம் வெளிறிவிட்டது. கல்யாணத்தில் சீர் குறைந்தது என்று இரண்டு வருடமாக அமுதா பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாளாம். இப்போது எண்ணி முடித்த தட்டைத் திரும்ப எடுத்தால், அதுவும் மிச்சம் இரட்டைப்படையில் நின்றால், பேச்சியம்மாள் ஆயுசுக்கும் விடமாட்டாராம். சாப்பாட்டுக்குப் பிறகு சீரைப் பிரிப்பார்கள், அப்போது எடுத்துத் தருகிறேன் என்றான். சாப்பாடு முடிய இரண்டு மணி ஆகும். எனக்கு விமானம் போயே போச்சு. கோபத்தில் நான் என்னென்னவோ கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தவில்லை.

"மாப்ள, நீ இன்னைக்குப் போயிருவ. என் தங்கச்சி இந்த வீட்லதான் இருக்கணும்."

சரி, திருடிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

குழந்தைக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லார் கண்ணும் மேடையில். ஜமுக்காளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். தட்டு தட்டாக நகர்ந்தேன். பலகாரம், வளையல், வாழைப்பழம். மணி பதினொன்று ஐம்பது. என் தட்டின் ஜிகினாத் தாளைத் தொட்டதும் அது மண்டபத்துக்கே கேட்பதுபோல் கரகரத்தது. முடிச்சுக்குள் விரலை விட்ட அதே நொடியில் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கை முழுக்கத் தங்க வளையல்.

"யாரு தம்பி நீங்க?" என்றார் பேச்சியம்மாள்.

"நான்... மாமன்."

"எந்த மாமன்?"

"கதிரேசனோட கூடப் பொறக்காத தம்பி. இது என் தட்டு. முடிச்சு சரியா விழல, அதான்..."

"அம்புட்டுத்தான. குடுங்க, நான் போடுறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் முடிச்சை அவிழ்க்க, லாண்டரி நூல் அறுந்து, வெள்ளைத் தாள் கிழிந்து, பதினோரு மாதப் பெண் குழந்தைக்கு மாமன் கொண்டுவந்த சீர் சபைக்குத் தெரிந்தது. மூன்று சட்டை. ஒரு பேண்ட். சாயம் போன லுங்கி. அதற்குமேல் இஸ்திரி போட்ட ஐந்து ஜட்டிகள். (இஸ்திரி போடச் சொல்லி நான் கேட்கவே இல்லை.) முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பிள்ளை வளர்ந்ததும் போட்டுக்கும்" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை.

சட்டைகளுக்கு நடுவிலிருந்து பாஸ்போர்ட் நழுவி விழுந்தது. பேச்சியம்மாள் அதைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூணோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற தேவியைப் பார்த்தார். தட்டுகளை மறுபடி ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மேடையில் அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பார்த்தபோது எனக்கு விமானமே மறந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பேச்சியம்மாள் பாஸ்போர்ட்டையும் விசா தாளையும் என் சட்டைப் பையில் வைத்தார். துணிகளை அடுக்கி, ஜிகினாத் தாளைச் சுற்றி, முடிச்சை இறுக்கிப் போட்டார். பிறகு சபையைப் பார்த்து, சத்தமாகத்தான் சொன்னார்.

"தட்டு இருவத்தொண்ணு. நான் எண்ணிட்டேன்."

அதன் பிறகு என் பக்கம் குனிந்து, "மாமன்னு சொல்லிட்டீங்க. பிள்ளைய மடில வைக்காமப் போகக் கூடாது" என்றார். துணி என்று நான் ஆரம்பித்ததற்கு, சீராக வந்தது சீர்தான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

ஒரு காது கதிரேசன் மடியில், இன்னொரு காது என் மடியில். எனக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளவே தெரியாது. ஆசாரி ஊசியைக் கொண்டுவந்ததும் பிள்ளை என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறியது. எனக்கும் கண் கலங்கியது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அடுத்த நொடி என் மடி சூடாக நனைந்தது. அது என் ஒரே பேண்ட். மற்றொன்று சீரில் இருந்தது.

மாமனுக்கு மரியாதை செய்ய எடுத்து வைத்திருந்த வேட்டிகளில் மிச்சமிருந்த ஒன்றைப் பேச்சியம்மாள் கொடுத்தார். கட்டிக்கொண்டு காரில் விழுந்தேன். திருமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கதிரேசன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட, நான் வாட்சைப் பார்க்க, சரக்கு ரயில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போனது. கவுன்டரில் நான் போய் நின்றபோது இரண்டு இருபத்தெட்டு.

சரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம், தலையில் மஞ்சள் அரிசி, கையில் ஜிப் இல்லாத பை. குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "காதுகுத்தா?" என்று கேட்டார். ஆமாம் சார், நான்தான் மாமன் என்றேன். அன்று நான் தடுமாறாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. கொழும்பில் இரண்டு நாள் வேட்டியோடு திரிந்தது தனிக் கதை.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. என் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. 'இருபத்தொண்ணு மாமா' என்றால்தான் தெரியும். போன தை மாதம் அவள் தம்பிக்குக் காதுகுத்து. நான் அசாமில் ஒரு ஆற்றங்கரையில் உட்கார்ந்து விடுதலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். தேவி கூப்பிட்டாள். பேச்சியம்மாள் இருபது தட்டுக்குமேல் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மிச்சம் ஒன்றுக்கு ஆள் வருவார் என்றாராம்.

மூன்று நாள் ரயிலில் வந்தேன். மேளத்தோடு என் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். பேச்சியம்மாள் இருபதுவரை எண்ணி நிறுத்தினார். என் தட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். மண்டபமே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது.

"எதுக்கும் தம்பி," என்றார், "மொதல்ல உங்க பாஸ்போர்ட்ட எடுத்துக்கங்க. அப்பறம் எண்ணுறேன்."