காளையும் எருமையும் எடை மெஷின் ஏறிய காலை

கறிமாடு வளர்த்து மதுரை ஜில்லாவையே ஒரு கலக்குக் கலக்கிவிடுவது என்று ஒத்தக்கடை உக்கிரபாண்டி முடிவுகட்டிவிட்டார். போனில் நாற்பது வீடியோ பார்த்திருந்தார். உட்கார முடியவில்லை. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"ஜெர்சிக் காளைக்கன்னுதான் முனீசு. மளமளன்னு வளரும்."

"தீவனமும் அம்புட்டுத் திங்கும்," என்றாள் மனைவி முனீஸ்வரி. "எருமைக் கெடா வாங்குங்க. வைக்கோலத் தின்னே சதை வைக்கும்."

"ஒனக்கு எருமை, எனக்குப் பெருமை! ஆளுக்கு ஒண்ணு வளப்போம். பத்து மாசம். எடையில தோக்குற ஆளு ஆயுசு பூராச் சாணி அள்ளணும்."

"சரிங்க."

உக்கிரபாண்டி தினம் மூன்று வேளை இஞ்ச் டேப்பால் காளையின் நெஞ்சை அளந்தார். சட்டை தைக்கப்போகிறார்கள் என்று அது நினைத்திருக்கும். பத்து மாதத்தில் ஒன்பது மூட்டை தீவனம் காலி. எருமையோ வைக்கோலைத் தின்று கஞ்சித்தண்ணியைக் குடித்தே காளைக்குச் சமமாக வந்து நின்றது. உக்கிரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

வியாபாரி மொக்கையன் எடை மெஷினோடு வருகிற அன்று காலை, உக்கிரபாண்டி காளைக்குக் கைநிறைய உப்பைக் கொடுத்தார். மூன்று வாளித் தண்ணீர் குடித்துக் காளை பீப்பாய் ஆனது. முனீஸ்வரி அடுப்படி ஜன்னலில் பார்த்தாள்.

வண்டி வந்தது. "ஏத்துங்கண்ணே மெஷின்ல!" என்று குதித்தார் உக்கிரபாண்டி.

"டீ குடிக்காம என்ன எடை? உக்காருங்க மொக்கையண்ணே," என்றாள் முனீஸ்வரி. டீக்குப் பின் வடை என்றாள்.

"வடையைப் பெறகு திங்கலாம்டி!"

"பதறாதீங்க. காளை எங்க ஓடப்போகுது?"

ஓடவில்லை. வாலைத் தூக்கியது.

"டேய், ரெண்டு நிமிசம் அடக்குறா!" உக்கிரபாண்டி பாய்ந்தார். ஒரு வாளி போனது. காளையின் பின்னாலேயே தலையில் கைவைத்து நின்றார். அடுத்த வாளியும் போனது. மூன்றாவதும்.

வடை தீர்ந்தபின் எடை போட்டார்கள். காளை நூற்றுத் தொண்ணூறு கிலோ. எருமை இருநூற்றுப் பதினெட்டு.

"எடை சமமா வந்திருந்தாலும் தீவனச் செலவுல காளைக்கு நட்டந்தான அண்ணே," என்ற மொக்கையன், எருமையை வண்டியில் ஏற்றப் போனார்.

"நேத்து டேப்புல ரெண்டும் ஒண்ணாத்தானடி இருந்துச்சு?"

"நீங்க காளைக்குப் பின்னாடி நின்னீகள்ல, அப்பத்தான் மூணு வாளி தண்ணி காட்டுனேன்."

"எருமைக்கா?"

"எருமைக்கும் ஒங்களுக்குந்தாங்க."