கரடியை மறைத்தவர்

இடுப்பு வலிக்கிறதே என்று ஜவுளிக்காரர் மடக்கு நாற்காலியில் சற்று நிமிர்ந்தார். பின்னால் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்த பல் டாக்டரின் குரல் முனகியது.

“போச்சு.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிரே பள்ளத்துக்கு அப்பால் கரடி. நடுவே தன் முதுகு. பாவம், மறைக்கிறோம்.

கடையில் காலமெல்லாம் துணி விரித்தவர் அவர். வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்ப்பார்கள். விரிக்கிறவன் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள். பார்த்துவிட்டால் அப்புறம் பேரம் பேச வாய் வராதே!

வேலையை விட்ட பிறகு வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் போனில் “சாப்டீங்களாப்பா?” என்பாள், பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். பேச்சுத் துணைக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தார். பென்சிலும் தாளும் சும்மா ஒரு சாக்கு. இன்று எல்லோரும் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் படம் போடுகிற நாள். ஒருத்தராவது பக்கத்தில் உட்காருவார் என்று பிஸ்கட் பொட்டலம்கூட ஒன்று கூடுதலாக வாங்கி வந்திருந்தார்.

வந்தவர்களோ கொஞ்சம் தள்ளி, பின்னாலும் பக்கவாட்டிலுமாக நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர்” என்று இடப்பக்கம் நகர்ந்தார்.

“ஐயோ, நகராதீங்க சார்” என்றார் வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள்.

சரி, இப்போது இந்தம்மாவுக்கு மறைக்கிறது. வலப்பக்கம் நகர்ந்தார். நாலா பக்கமும் ரப்பர் தேய்க்கும் சத்தம் கிளம்பியது.

“சார், நீங்க இருந்த மாதிரியே இருங்க. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றார் டாக்டர்.

ஜவுளிக்காரருக்கு வாடிக்கையாளர் பாஷை அத்துப்படி. ‘துணி ரொம்ப நல்லாருக்கு’ என்றால் வாங்கப் போவதில்லை. ‘சாயங்காலம் வர்றேன்’ என்றால் இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை. ‘ஒரு தொந்தரவும் இல்ல’ என்றால்? எழுந்து போய்யா என்று அர்த்தம்.

குனிந்து உட்கார்ந்தார். பெருமூச்சுகள் கேட்டன. தொப்பிதான் உயரம் என்று அதைக் கழற்றினார்.

“தொப்பியும் போச்சா” என்றது ஒரு குரல்.

ஓவிய டீச்சர் ஒவ்வொருவரிடமும் போய்க் காதோடு ஏதோ சொன்னார். எல்லோரும் இவர் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அது என்ன சிரிப்பு என்று அவருக்கா தெரியாது? கிழிந்த துணியை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லும் முதலாளியின் சிரிப்பு.

தாளையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு, கரடியே தெரியாத தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தார். தாளில் கரடி பாதியில் நின்றிருந்தது, மழையில் நனைந்த மெத்தை மாதிரி. இனி யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று பிஸ்கட்டைப் பிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக நாற்காலியோடு அங்கேயும் வந்துவிட்டார்கள். அப்போதும் யாரும் பக்கத்தில் வரவில்லை.

“இங்கேருந்து கரடி தெரியாதே டாக்டர்?”

“பரவால்ல சார்.”

வியாபாரத்தில் இதைவிட மோசமான வார்த்தை கிடையாது. பரவாயில்லை என்றவன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அவர் மனம் விட்டுப்போயிற்று. எழுந்து டீச்சரிடம் போனார்.

“அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரலைங்க.”

“அப்புறம் பேசிக்கலாம் சார்” என்றார் டீச்சர். பென்சிலும் நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

கடையை விட்டு இறங்குகிற வாடிக்கையாளரைக்கூட வாசல்வரை வந்து கூப்பிட்டுப் பார்ப்பார்கள். இவரை ஒரு தடவை ‘ஏன்’ என்று கேட்க ஆளில்லை.

சாயங்காலம் படங்களையெல்லாம் கம்பி வேலியில் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். படங்களைப் பார்த்துவிட்டு வந்த கரடிக் காவலாளி, காலி வாளியோடு அவரை வழிமறித்தான். முகத்தில் கடுகடுப்பு.

“என்னாங்க நியாயம் இது? படம் போட வர்றாங்கன்னு காலையில கரடியைப் பிடிச்சுக் குளிப்பாட்டி விட்டேன். அதை ஒருத்தர்கூட வரையல, எல்லாப் படத்துலயும் நீங்கதான் உக்காந்திருக்கீங்க.”