கடைமடைக்கு நான் விட்ட தண்ணீர்

முட்டாள்தனத்தில் பல வகை உண்டு. கையில் போனும் சட்டைப்பையில் கட்சிப் பதவியும் சேர்ந்து வருகிறவனுக்கு வாய்ப்பது தனி வகை. எனக்கு அது பரிபூரணமாக வாய்த்தது.

நன்னிலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த என்னைக் கட்சியின் ஒன்றிய இணைய அணிச் செயலாளராகப் போட்டார்கள். (போட்டியே இல்லை. மற்ற யாருக்கும் தமிழில் டைப் அடிக்கத் தெரியாது.) அன்றிலிருந்து நான் மனிதர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அறிக்கை விட ஆரம்பித்தேன். "நெட்டு யார் கையில இருக்கோ, நாளைக்கு நாடே அவங்க கையில" என்று டீக்கடையில் முழங்குவேன். டீ மாஸ்டர், "கிளாஸைக் கீழ வச்சிட்டுப் பேசுங்க" என்பார்.

அந்த வருஷம் அணையைத் திறந்து பல நாளாகியும் எங்கள் பக்கம், கடைமடைக்கு, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒன்றியச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தலைவர் முயற்சியால நன்னிலம் வரைக்கும் தண்ணி வந்துடுச்சுன்னு ஒரு போஸ்ட் போடுங்க."

"இன்னும் வரலையேண்ணே."

"வரத்தானே போவுது? எதிர்க்கட்சிக்காரனுங்க முந்திக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

இதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கரை தளும்ப ஓடும் ஒரு வாய்க்கால் படத்தை நெட்டில் பிடித்து, மேலே தலைவர் முகத்தை ஒட்டி, எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் தட்டிவிட்டேன். அதில் ஒன்று என் மனைவி வீட்டுக் குரூப்.

என் மாமனார் விவசாயி. அவர் ஊர் நன்னிலத்தைத் தாண்டி இருக்கிறது. நன்னிலத்துக்கு வந்த தண்ணீர் மறுநாள் அவர் வாய்க்காலுக்கு வந்துவிடும். டிவி செய்தியையே நம்பாத மனிதர், 'மாப்ள சொல்லிட்டார்' என்று நாற்றங்காலுக்கு வைத்திருந்த விதைநெல் முழுவதையும் ஊறப் போட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை, கல்யாண மண்டபத்தில் கட்சிக் கூட்டம். 'நாளைய அரசியலும் இணையமும்' என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்டாண்டில் என் போன், ஃபேஸ்புக்கில் லைவ். அப்போது ஒரு சாக்கோடு மாமனார் உள்ளே வந்தார். வாழ்த்த வந்திருக்கிறார் என்று நினைத்து நானே மைக்கைக் கொடுத்தேன். (யாரும் கட்டாயப்படுத்தவில்லை.)

அவர் சாக்கைப் பிரித்தார். முளைகள் விரல் நீளத்துக்கு வளர்ந்து, பின்னிக்கொண்டு, புளித்த வாடை அடித்தன.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. உங்க படத்தைப் பாத்துதான் விதையை ஊறப் போட்டேன். முளைச்சிடுச்சு, தண்ணியக் காணோம். எந்த வாய்க்கால்னு சொன்னீங்கன்னா அங்கயே கொண்டுபோய்த் தெளிச்சுடறேன்."

"அது... மாதிரிப் படம் மாமா."

"ஓரத்துல ஒரு போர்டு தெரியுது பாருங்க. கன்னடமாம், லாரி ஓட்டுற நம்ம முருகேசன் படிச்சுச் சொன்னான். தண்ணி இன்னும் அங்கதான் நிக்குது போல."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. "லைவை நிறுத்துய்யா!" என்று செயலாளர் பல்லைக் கடித்தார். பாய்ந்துபோய் வேர்த்த விரலால் எதையோ அழுத்தினேன். கேமரா செல்ஃபி பக்கம் திரும்பிக்கொண்டது. அதுவரை மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்த உலகம், இப்போது திறந்த வாயோடு என் முகத்தை மட்டும் பார்த்தது. எங்கள் அணியின் எந்தப் பதிவையும் எங்கள் அணியே முழுசாகப் பார்த்ததில்லை. இதை மத்தியானத்துக்குள் மாவட்டமே பார்த்தது. எனக்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லை என்று செயலாளர் அறிவித்தார். அதையும் நெட்டில்தான்.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போனேன். வீணான விதையை மாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க மாமா."

"சாப்பிட்டீங்களா?" என்றார். செருப்பால் அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறுவாரம் நிஜமாகவே தண்ணீர் வந்தது. அவரோ வேறு விதைக்கு அலைந்துகொண்டிருந்தார். அந்த வருஷம் நடவு பிந்தியது. நாற்றுக்கட்டு சுமந்தவர்களில் நானும் ஒருவன்; சேற்றில் மூன்று முறை விழுந்தேன். படம் எடுக்க யாரையும் விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு, "மாமா, பொண்ணு பிறந்திருக்கா, போட்டோ அனுப்பறேன்" என்றேன்.

"போட்டோ வேணாம் மாப்ள. பஸ் ஏறிட்டோம், நேர்லயே பாத்துக்கறோம்" என்றார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும், கேக் வெட்டுவதற்கு முன்னால், இந்தக் கதையை மாமியார்தான் அவளுக்குச் சொல்கிறார்.