வாய் ஓயாத வாய்ப்பூட்டு

ஊர் வம்பு பேசாத சமையல்காரர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் அமெரிக்காவில் பிறந்து சிட்னியில் சமைத்தார். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன் நான். கொடுத்துவைத்தவன்தான், எல்லாவற்றிலும் எனக்கு அப்படித்தான்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். நட்டம் பள்ளிக்கூடத்துக்கு. இன்று சிட்னியின் மேற்குப் பக்கத்தில் என் பட்டறையில் செய்த இரும்புக் கேட் இல்லாத தெருவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். என்னை நானே கட்டியெழுப்பினேன் என்று கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறவன் நான். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆணியை மட்டும் வேறொருவர் அடித்தார். அவரைப் பற்றித்தான் இது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தெருவில் தமிழ்க் குரல் கேட்டால் காரையும் பார்க்காமல் குறுக்கே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிற காலம். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு போர்டிங் வீட்டில் இருந்துகொண்டு, தினமும் ரயிலேறி செவன் ஹில்ஸில் இரும்புத் தகடு அமுக்கும் தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். அந்த வீட்டின் சமையல்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. ஆனால் மனிதர் காலையில் திறந்த வாயை இரவில்தான் மூடுவார். கப்பல், புயல், பட்டாணியை ஊறவைக்கும் முறை, எல்லாம் பேசுவார். ஒன்றை மட்டும் பேச மாட்டார். எந்த மனிதரின் பெயரையும் அவர் வாயால் சொல்ல மாட்டார்.

அவர் பேசியது இங்கிலீஷ். நான் எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே தருகிறேன். சுவை கூடுமே தவிரக் குறையாது.

முதல் நாள் அவருடைய சூப்பில் நான் சட்டைப் பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தூவினேன். அன்றிலிருந்து நான் 'மிளகாய்'. திருச்சியிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவர் இருந்தார், அவர் 'தயிர்'. கிரேக்கன் 'ஆலிவ்'. வீட்டுக்காரி 'மேல்மாடி'. அவர் வளர்த்த பூனைக்கும் பெயரில்லை.

"பூனைக்காவது ஒரு பெயர் வைக்கப்படாதோ?" என்று கேட்டேன்.

"வைச்சால் ஆரும் கேக்கேக்கை வாயிலே வந்திடும்" என்றார்.

தொலைபேசி சமையலறை வாசலில், எங்கள் பேச்சில் குசினி வாசலில், இருந்தது. அதனால் வந்த வினைகள் கொஞ்சமல்ல. திருச்சிக்காரருக்குப் பெண் பார்த்து, பெண் வீட்டாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவருடைய அப்பா ட்ரங்கால் போட்டார். எடுத்தவர் வாய்ப்பூட்டு.

"என் பையன் அங்க இருக்கானா?"

"இந்த வீட்டிலே ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்றதில்லை."

"நான் அவனோட அப்பா."

"வாற ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

மகன் ஏதோ ஜெயிலில் இருக்கிறான் என்று அப்பா முடிவு கட்டினார். பெண் வீட்டார் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

"என்னங்க இது அநியாயம், 'இருக்கான்'னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சுடும்?" என்று திருச்சிக்காரர் குசினியில் நின்று கத்தினார். வாய்ப்பூட்டு அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு உரிக்க உதவுகிற சாக்கில் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஏன் ஒருவர் பெயரையும் சொல்வதில்லை என்று கேட்டேன். சொன்னார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவுக்குக் கம்யூனிஸ்ட் பயம் பிடித்துவிட்டதாம். பள்ளி ஆசிரியர், நடிகர், கப்பல் தொழிலாளி, எல்லோரையும் கூப்பிட்டு விசாரணை. இவர் அப்போது கப்பலில் சமையல்காரர், சங்கத்தில் முன்னால் நின்றவர். நீண்ட மேசைக்குப் பின்னால் கனவான்கள் வரிசையாக இருந்துகொண்டு, நீ கட்சியில் இருந்தாயா, உன்னோடு கூட இருந்தவர்கள் யார், பெயரைச் சொல் என்றார்கள். பெயர் சொன்னால் மறுநாளே கப்பலுக்குத் திரும்பலாம். இவர் சொல்லவில்லை. சில மாதம் சிறை. வெளியே வந்தால் கப்பலில் ஏற அனுமதி இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. எந்தச் சாப்பாட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும் தொப்பி போட்ட இரண்டு பேர் வந்து முதலாளியோடு மெதுவாகப் பேசிவிட்டுப் போவார்கள். அடுத்த கிழமை வேலை போகும். பல வருடம் கழித்துப் பாஸ்போர்ட் கிடைத்ததும் அகப்பட்ட கப்பலில் ஏறியவர் இறங்கிய இடம் சிட்னி.

"உங்கட பெயரைக் குடுத்தது ஆர்?"

"என்னோடை கூட இருந்து கிழங்கு உரிச்சவன்."

"அவனைத் திட்டமாட்டீங்களோ?"

"திட்டுறதெண்டால் பெயர் சொல்ல வேணுமே" என்று அடுத்த கிழங்கை எடுத்தார்.

அடுத்த மாதமே அந்த நீண்ட மேசை எங்கள் குசினிக்கு வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் வேலை வேகமாக நடக்கட்டும் என்று, மெஷினில் கையைக் காக்கும் தகட்டைக் கழற்றிவைத்திருந்தார்கள். ஒரு மால்டாக்காரனின் இரண்டு விரல் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை போர்டிங் வீட்டுக் குசினியில் கூட்டம் போட்டோம். திங்கள் காலை ஒரு மெஷினும் ஓடவில்லை. முன்னுக்கு நின்றது யார்? நான்தான். அன்று சொல்ல முடியவில்லை, இன்று ஆசைதீரச் சொல்லிக்கொள்கிறேன். தகடு திரும்ப வந்தது. ஆனால் இது யாரோ கம்யூனிஸ்டின் வேலை, அவனைப் பிடித்து வெளியே போடுவேன் என்று மேனேஜர் குதித்தார். அதே மேனேஜரின் மேசையில்தான், யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவியையும் மகளையும் கூப்பிட அவர் கையெழுத்துப் போட வேண்டிய ஸ்பொன்சர் கடிதம் கிடந்தது. என் வேலை போனால் அவர்கள் வர முடியாது.

எங்கள் தொழிற்சாலைக்காரர் அந்த வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அதில் யார் என்று அறிய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். கேட்டைத் திறக்கும்போதே கண்டுவிட்டேன். வீரனான நான் குசினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போய் மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை இஞ்சை கூட்டம் நடந்ததோ?"

"நடந்தது. பட்டாணி சூப்."

"ஆர் ஆர் வந்தது?"

"பசிச்ச ஆக்கள்."

"ஆர் பேசினது?"

"எல்லாரும் சூப்பிலே தோய்ச்ச பாணை வாயுக்குள்ளை வைச்சுக்கொண்டு பேசினவை. ஒண்டும் விளங்கேல்லை."

வந்தவர் குரலை இறக்கினார். "எங்கட கன்டீனுக்குத் தலைமைச் சமையல்காரர் தேவை. இருக்க வீடும் தருவம். ஒரே ஒரு பெயர் சொன்னால் காணும்."

நறுக்கிக்கொண்டிருந்த கத்தியின் சத்தம் நின்றது. மனிதருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. படுப்பது படிக்கட்டின் கீழே. சொந்த வீடு என்று ஒன்றைக் கண்டதில்லை.

"முந்தி இதே பேச்சுக்கு எனக்குக் கப்பலைத் தாறமெண்டவை" என்றார் வாய்ப்பூட்டு. "நீங்கள் கன்டீன் தாறியள். வர வர விலை குறையுது."

"நீர் கம்யூனிஸ்டோ?"

"சமையல்காரன். எல்லாருக்கும் ஒரே அளவாக ஊத்துறனான். அது குற்றமெண்டால் எழுதிக்கொள்ளும்."

வந்தவர் மேல்மாடிக்குப் போய் வீட்டுக்காரியோடு மெதுவாகப் பேசினார். அவர் போனதும் அவள் இறங்கிவந்து, எனக்கு வில்லங்கம் வேண்டாம், கிழமை முடிவில் போய்விடு என்றாள். வாய்ப்பூட்டு வாக்குவாதம் செய்யவில்லை. கத்திகளைத் துணியில் சுற்றத் தொடங்கினார். இந்த வேலை அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது.

எனக்குப் பழகவில்லை. ஒவ்வொரு அறையாகத் தட்டினேன். அரை மணி நேரத்தில் மாடிப்படியில் பெட்டிகளோடு வரிசை. முதலில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? திருச்சிக்காரர்.

"என் கல்யாணம் நின்னது நின்னதுதான். சூப்பும் நிக்கணுமா? இவர் போனா நானும் போறேன்மா" என்று தமிழிலேயே வீட்டுக்காரியிடம் சொன்னார். அவளுக்குத் தமிழ் தெரியாது, பெட்டியைப் புரிந்துகொண்டாள். பத்து அறையும் காலியாகிற வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று வாய்ப்பூட்டிடம் கேட்டாள்.

அவர் சுற்றிய கத்திகளைப் பிரித்தார். வெங்காயம் ஒன்றும் கையில் இல்லை, ஆனாலும் கண்ணைத் துடைத்தார். அமெரிக்காவில் அவர் எழும்பிப் போனபோதெல்லாம் அவரோடு ஒருவரும் எழும்பவில்லை என்று பிறகு சொன்னார்.

மேனேஜருக்கு ஆள் அகப்படவில்லை. கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

மனைவியும் மகளும் வந்த நாள் விமான நிலையத்துக்கு நானும் வருகிறேன் என்றார் வாய்ப்பூட்டு. கறுப்புக் கோட்டு, டை. கற்பூர உருண்டை வாசனை பத்தடிக்கு முன்னால் வந்தது.

"உந்தக் கோட்டை எப்ப தைச்சனீங்கள்?" என்றேன்.

"விசாரணைக்குப் போக. பிறகு போடுறதுக்கு ஒரு நல்ல காரியம் வரேல்லை."

கண்ணாடிக் கதவு திறந்தது. மகள் என்னை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள், என் தோளுக்கு மேலால் அவரைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் அந்த வெள்ளைக்காரன்? ஏன் எங்களைப் பாத்து அழுறார்?"

"எங்கட ஆள்" என்றேன்.