மண்பட்டி போட்ட மாப்பிள்ளை

ஆரோக்கியமாக வாழ்வது என்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால், அன்று முதல் அவனைச் சுற்றியிருப்பவர்களுக்குத் தலைவலிதான். நான் அந்த முடிவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் எடுத்தேன்.

அப்போது பாரிமுனையில் ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருந்தேன். கழுத்தில் டை, மேஜைமேல் இரண்டு டெலிபோன், வயிற்றில் புண். "கொஞ்சம் ஓய்வு எடுங்க" என்றார் டாக்டர். நான் வேலையையே விட்டுவிட்டேன். (அவர் சொன்னது ஒரு வாரம் லீவு போடத்தான் என்று என் மனைவி ராஜி இன்றைக்கும் சாதிக்கிறாள்.) மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, மணலும் அரைகுறைக் கட்டடங்களுமாக இருந்த பெசன்ட் நகருக்குக் குடிபோனோம். அங்கே இயற்கை வைத்திய நிலையம் தொடங்குவதாகத் திட்டம். வேப்பிலைச் சாறு, வாழைத்தண்டுச் சாறு, அப்புறம் மண்பட்டி. ஈர மண்ணைத் துணியில் பொதிந்து வயிற்றிலும் கண்ணிலும் போடுவதுதான் மண்பட்டி. எல்லாம் ஒரு முகாமுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வாசலில் வாழைமரம் கட்டினேன். பெயர்ப்பலகை மட்டும் வந்து சேரவில்லை. ஆபீஸ் நண்பர்கள் அத்தனை பேரையும் அழைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

"ஒருத்தராவது வந்தாத் தேவலை. எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள் ராஜி.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. பட்டுப் புடவையில் ஓர் அம்மாள், சரிகை வேட்டியில் ஒரு பெரியவர், வியர்த்துக்கொண்டே ஓர் இளைஞன். அம்மாளின் கையில் பழமும் பூவும் வைத்த தாம்பாளம். நோயாளிகள் தாம்பாளத்தோடு வருவார்கள் என்று முகாமில் யாரும் சொல்லித்தரவில்லை. இருந்தாலும் வைத்தியனுக்கு இவ்வளவு மரியாதையா என்று புல்லரித்துப் போனேன்.

"வாங்கோ! உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கேன்."

"திருநவேலியிலேர்ந்து ராத்திரி ரயிலு. ஒரே அலுப்பு" என்றார் பெரியவர்.

உடனே மூவருக்கும் வேப்பிலைச் சாறு கொடுத்தேன். பெரியவர் ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் கட்டியது.

"கசக்கே!"

"முதல்ல கசக்கும். போகப்போகப் பழகிடும்."

"கல்யாணமும் அப்படித்தாம்லா!" என்று அவர் சிரித்தார். எதற்குக் கல்யாணத்தை இழுக்கிறார் என்று புரியாமலே நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு இளைஞனைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, காலம்பற வயிறு சுத்தமா ஆறதா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் மணியடிச்ச மாதிரி. எங்க வம்சத்துலயே யாருக்கும் சீக்கு கிடையாது."

"அப்போ எதுக்கு வந்தேள்?"

"எதுக்கு வந்தோமா! நல்லா தமாஷ் பண்ணுதீய!"

சரி, வைத்தியத்தை ஆரம்பித்துவிடுவோம் என்று, "ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டுங்கோ" என்றேன்.

பெரியவர் மகன் காதில், எனக்கும் கேட்கும்படி, "மெட்ராஸ் வழக்கம் போலருக்கு. கழட்டுல, நல்ல இடம்லா" என்று சொல்லித் தானே முதலில் கழற்றினார். இருவரையும் பாயில் படுக்க வைத்து, அப்பா வயிற்றில் ஒன்றும் மகன் கண்களில் ஒன்றுமாக மண்பட்டி போட்டேன்.

"பொண்ணை இன்னும் காட்டலியே?" என்றார் அம்மாள்.

பெண்களுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறார் போலிருக்கிறது, நியாயம்தான் என்று நினைத்து ராஜியைக் கூப்பிட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை சேறாக, கையில் மண் வாளியோடு வந்து நின்றாள். அம்மாள் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"வயசு கொஞ்சம் கூடத் தெரியுதே?"

"ஆசனம் பண்ணினாக் குறைஞ்சுடும்" என்றேன்.

"பாடத் தெரியுமாம்மா?"

ராஜி என்னைப் பார்த்தாள். நோயாளியின் மனம் நோகக் கூடாது என்பது முகாமில் சொல்லித்தந்த முதல் பாடம். பாடு என்று சைகை காட்டினேன். பாவம், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பாடவும் தொடங்கினாள். பல்லவியைத் தாண்டுவதற்குள் அம்மாள் அலறினார்.

"ஏங்க! பொண்ணு கழுத்துல தாலி கிடக்கு!"

பெரியவர் துள்ளி எழுந்ததில் மண் முழுவதும் சரிகை வேட்டியில் இறங்கியது. இளைஞன் கண்ணில் கட்டிய மண்பட்டியோடே வாசலுக்கு ஓடி வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அலறலைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சண்முகம் மதில் ஏறிக் குதித்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அன்று அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதும், அதுவரை பேச்சு முழுவதும் கடிதத்திலேயே நடந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

"ஐயோ, அண்ணாச்சி! நம்ம வீடு அங்கனல்லா! காலையிலேர்ந்து காத்துக் கெடக்கேன்!"

"வாழைமரத்தைப் பாத்து நொழஞ்சிட்டோம். கேள்வி என்ன, சோதனை என்ன! எம் மவனை என்னன்னு நெனச்சீரு?" என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். சண்முகம் என்னைப் பார்த்த பார்வையில், மகளின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்பது எழுதி ஒட்டியிருந்தது. கையில் இருந்த மண்ணைப் பிசைந்துகொண்டே நின்றேன்.

அப்போது மதிலுக்கு மேலே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் களுக்கென்றார்கள். எட்டிப் பார்த்தது கல்யாணப் பெண். இளைஞன் கண் துணியை விலக்கினான். முகமெல்லாம் சேறு வழிய அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்பா, குளிச்சிட்டு அந்த வீட்டுக்குப் போவோம்" என்றான். என் வீட்டில் அவன் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

தை மாதம் அவர்கள் கல்யாணம் நடந்தது. அதற்குள் என் நிலையம் மூடியாகிவிட்டது. நான் மறுபடி டை கட்டிக்கொண்டு, கொஞ்சம் சின்னதான வேறொரு கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தேன்.

திறப்பு நாளன்று உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் மகளுக்கும் கல்யாண வயது வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ராஜி என்னைப் பின்கட்டு அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். "பொண்ணோட அப்பா எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அவருக்கு உடம்பு சரியில்லை."

"அடடா" என்றாராம் மாப்பிள்ளையின் அப்பா. "இயற்கை வைத்தியம் பண்ணிப் பாக்கறதுதானே?"

கூடத்தில் என் மகள் சிரித்த சிரிப்பு எனக்குத் தாழ்ப்பாளுக்குப் பின்னாலிருந்தே கேட்டது. அந்தச் சம்பந்தம்தான் முடிந்தது. மாப்பிள்ளையும் பேரன் பேத்திகளும் இன்றுவரை, யாருக்கு ஒரு தும்மல் வந்தாலும், "தாத்தாவை உள்ளே வெச்சுத் தாழ்ப்பாள் போடுங்கோ" என்கிறார்கள்.