சாமி கட்டிலடியில் முளைத்த முடி

அந்தமான் தீவின் வண்டூரில் மூன்று வாரத்தில் ஒன்பது மாடுகள் செத்தன. பத்தாவது சாவதற்குள் மெயின்லேண்டிலிருந்து குழந்தைவேலு சாமி கப்பலில் வந்து இறங்கிவிட்டார். அரிசி, வெங்காயம், வைக்கோல் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. உண்மை மட்டும் உள்ளூரிலா விளையும்? பெங்காலி, தெலுங்கர், தமிழர் என்ற பேதமில்லாமல் கூட்டம் நெரிந்தது.

சாமியின் முறை முழுக்க விஞ்ஞானம். மந்திரித்த சோற்றுருண்டையை டப்பாவில் அடைத்துக் கொடுப்பார். தொழுவத்தில் மூன்று நாள் தொங்கவிட வேண்டும். உருண்டையில் முடி முளைத்தால், யுத்தத்தில் செத்த ஜப்பான் சிப்பாயின் ஆவி மாட்டுக்குள் இருக்கிறது. பச்சை முடியென்றால் சந்தேகமே இல்லை; அது யூனிபார்ம் நிறம்.

அடைமழைக் காலம். பெல்ட்டிலும் செருப்பிலும் பூஞ்சை பூக்கிற ஊர். நாற்பது டப்பா திறந்தார்கள், நாற்பதிலும் சிப்பாய். ஒரு பட்டாளமே வண்டூரில் முகாமிட்டிருப்பது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

பரிகாரம் எளிது. ஆவி பிடித்த மாட்டைச் சாமியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். எங்கே என்று கேட்டால் ஆவி திரும்பிவிடும்.

ராஜகுமாரிக்கு மிஞ்சியிருந்தது ஒரே பசு. எட்டு மாதச் சினை. அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்தாள். பக்கத்து வீட்டுச் சூசைமேரி கயிற்றைப் பிடுங்கினாள்.

"இருடி. மழையில என் கருவாட்டுக்கும்தான் முடி முளைக்குது. நெத்திலிக்குள்ளயும் ஜப்பான்காரனா?"

"சாமி பொய் சொல்வாராக்கா?"

"மூணு நாள் பொறு."

சூசைமேரியே போய் ராஜகுமாரி பேரில் இன்னொரு டப்பா வாங்கினாள். சாமி தங்கிய லாட்ஜுக்குத் தினமும் கருவாடு கொண்டுபோகிறவள் அவள்தான். சாமி அதை வெளியே சொல்வதில்லை.

நான்காம் நாள், கூட்டத்தின் நடுவே சாமி அந்த டப்பாவைத் திறந்தார். துள்ளி விலகினார்.

"ஐயோ! இவன் சிப்பாய் இல்ல, கேப்டன்! அந்தப் பசு இப்பவே வண்டியில ஏறணும்!"

"இது தொழுவத்துல தொங்கல சாமி," என்றாள் சூசைமேரி. "மூணு நாளா உங்க கட்டிலுக்கு அடியில இருந்துச்சு."

"அரே பையா, அப்ப சாமியை லாரியில ஏத்துங்க!" என்றார் ஒரு பெங்காலிக்காரர்.

கால்நடை டாக்டர் வந்தார். மூன்று வாரமாகச் சொன்னதையே மறுபடி சொன்னார். உள்ளூர்க்காரர், அதனால் யார் காதிலும் விழாமல் போயிருந்தது. ராஜகுமாரியின் வைக்கோல் கட்டைப் பிரித்தார். கப்பலில் நனைந்து வந்த கட்டு. உள்ளே அதே பச்சை முடி. மேய்ச்சல் நிலத்துக் குட்டையிலும் பாசியின் பச்சை ஏடு. இரண்டுமே மாட்டுக்கு விஷம். சோற்றில் முளைத்ததைப் பார்த்து நடுங்கியவர்கள், வைக்கோலில் முளைத்ததை வேளை தவறாமல் ஊட்டியிருக்கிறார்கள்.

ராஜகுமாரி வைக்கோலைக் கொளுத்தினாள், குழாய்த் தண்ணீர் காட்டினாள். அடுத்த மாதம் பசு கன்று போட்டது.

டப்பாவைத் திறந்து பார்த்த ஜனங்களே, மண்டையையும் அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள். மூடியே வைத்திருந்தால் அங்கேயும் முளைக்கும், உள்பக்கமாக.